முத்துமீனா சொன்ன சாட்சி

அத்தியாயம் 11

அழகுராஜா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், இந்த ஒன்றில் மட்டும் குறை சொல்ல முடியாது. நான்கு மாதத்துக்கு முன், "மொதல்ல உங்கம்மா கால் ஆறட்டும். அப்புறம் உன் சாமியப் பத்தி எங்கிட்டப் பேசு" என்று மகள் முத்துமீனாவிடம் முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். காலில் இருந்த சர்க்கரைப் புண் ஆறியது. மனிதர் பேச்சு மாறவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு, "சரி, போ. நான் தடுக்கல" என்று சொல்லிவிட்டு, தன் குட்டியானைச் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மேலூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

வருஷா வருஷம் குலசாமிக்குக் கிடா வெட்டும் வீட்டில், கல்லூரி மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரே மகள் ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அதை முத்துமீனா வாங்கியிருந்தாள். அடுத்த ஞாயிறு, மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் ஞானஸ்நானம் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முன்னால் இந்த ஞாயிறு வந்தது. வினை இதில்தான் இருந்தது.

இன்று மாலை மேலூரில் வாலிபர் கூட்டம். எட்டுச் சபைகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நோட்டீஸில் பாடகர் குழுவின் பெயருக்குக் கீழே, 'விசேஷ சாட்சி: சகோதரி முத்துமீனா, வண்டியூர்' என்று போட்டிருந்தது. போனில் வந்த அந்த நோட்டீஸை நம் முத்துமீனா நேற்றிலிருந்து எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று நான் சொன்னால் அவள் என்னோடு சண்டைக்கு வருவாள். சொல்லவில்லை.

காலை ஆறு மணிக்கு வழக்கத்துக்கு மாறாக அவளே பால் வாங்கக் கிளம்பினாள். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்று வேலை கூடிப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டு தெருமுனை முருகம்மாள் கடைக்குப் போனாள்.

முருகம்மாள் பால் பாக்கெட்டை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், அப்படியே நின்று திரும்பினாள்.

"ஏத்தா மீனா, உங்கம்மா வேற எங்கயும் ஃப்ரிட்ஜ் பாத்துக்கிச்சா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"இல்ல, மருந்து சீசா அப்பிடியே கெடக்கே. மூணு வாரமாச்சு கைய வச்சு."

முத்துமீனா வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அம்மா செல்லக்கிளிக்குச் சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த இன்சுலின் சீசா முருகம்மாள் கடை ஃப்ரிட்ஜில்தான், தயிர்ப் பாக்கெட்டுக்கும் சர்பத் பாட்டிலுக்கும் நடுவே குடியிருந்தது. காலையிலும் சாயங்காலமும் செல்லக்கிளி வருவாள். கடைக்குப் பின்னால் திரை மறைவில் உட்கார்ந்து வயிற்றில் தானே குத்திக்கொள்வாள். சீசாவைத் திரும்ப வைத்துவிட்டு, முருகம்மாளிடம் ரெண்டு வார்த்தை ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள்.

"நான் கேட்டேன்த்தா," என்றாள் முருகம்மாள். "எனக்குச் சொகமாயிருச்சு முருகம்மா, எங்க சபையிலயே சொல்லிட்டாகன்னுச்சு. சரி, டாக்டர் ஊசிய நிப்பாட்டிட்டாரு போலன்னு நானும் விட்டுட்டேன். எடுத்துட்டுப் போறியா? பால் வைக்க எடம் பத்தல."

சீசாவைக் கையில் கொடுத்தாள். சில்லென்று இருந்தது. முக்கால்வாசி மருந்து அப்படியே நின்றது.

சபையிலேயே சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது? முத்துமீனாதான் சொன்னாள்.

முத்துமீனா போகும் சபையில் போதகர் யாபேஸ் ஐயா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வியாதி சுகமானதாகச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் டாக்டர் சீட்டோ, லேப் ரிப்போர்ட்டோ கொண்டுவந்து காட்ட வேண்டும். சாதாரணக் கட்டி அமுங்கியதற்குப் புற்றுநோய் போனது என்று மைக்கில் சொல்லி மானத்தை வாங்கியவர்கள் உண்டு என்பதால் அந்த ஏற்பாடு. மூன்று வாரத்துக்கு முன் முத்துமீனாவும் ரிப்போர்ட்டைக் காட்டினாள். வெறும் வயிற்றில் நூற்றெட்டு. ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், தலையை ஆட்டினார், மைக்கைக் கொடுக்கச் சொன்னார். அந்த நூற்றெட்டு, தினம் இரண்டு வேளை ஊசி போட்டு வந்த நூற்றெட்டா என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

சொல்லத் தெரியாமல் இல்லை. ஊசியையும் சேர்த்துச் சொன்னால் சாட்சியில் உப்புச் சப்பு இருக்காதே என்று அவள் மனது கணக்குப் போட்டது. மைக்கைப் பிடித்து, "எங்கம்மாவோட சர்க்கரை வியாதிய ஆண்டவர் எடுத்துப் போட்டுட்டார்" என்று சொன்னதும் தகர ஷெட் அதிரக் கை தட்டினார்களே, அந்தச் சத்தம் யாரையும் மயக்கும். இருபது வயதுப் பெண்ணை மயக்கியதில் அதிசயம் என்ன? பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லக்கிளி மட்டும் கை தட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை என்று அன்றைக்கு இவள் நினைத்தாள்.

பாலை மறந்து, சீசாவை மட்டும் எடுத்துக்கொண்டு முத்துமீனா வீட்டுக்கு ஓடினாள்.

செல்லக்கிளி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் குடம். ராத்திரி நிறைத்து வைத்த குடம், தட்டினால் வெற்றுக்குடமாய் டங்கென்றது.

மூன்று வாரமாக அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று நினைத்தாள் மகள். ரவிக்கை தொளதொளத்தது. "எளச்சுட்டம்மா, நல்லதுதான்" என்று சிரித்துவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். ராத்திரியில் அம்மா நாலு தடவை கொல்லைப்பக்கம் எழுந்து போனது காதில் விழுந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினாள். ஆண்டவருக்காக ஓடி ஓடி உழைத்தவளுக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போனது.

"அம்மா, நீ ஊசி போடலையா?"

"பால் வாங்கியாந்தியா?"

"மூணு வாரமாப் போடலையாம்மா?"

"போடல." செல்லக்கிளி மெல்லத் திரும்பினாள். உதடு வெடித்து வெளுத்திருந்தது. "கத்தாத. அக்கம்பக்கத்துல கேக்கும்."

"ஏம்மா?"

"ஏன்னா? நீ தான சபையில நின்னு சொன்ன, எடுத்துப் போட்டுட்டாருன்னு. எடுத்துப் போட்ட வியாதிக்கு ஊசி எதுக்கு? நான் குத்துறத முருகம்மா பாக்குறா. அவ நாலு பேருகிட்ட சொல்லுவா. உன்னையப் பொய்க்காரிம்பாக."

"காலக் காட்டு."

"கால் நல்லாத்தான் இருக்கு."

முத்துமீனா சேலையை ஒதுக்கினாள். பழைய துண்டு ஒன்று பாதத்தைச் சுற்றியிருந்தது. அவிழ்த்தபோது அழுகல் வாடை அடித்தது. ஆறித் தோல் மூடியிருந்த புண் மறுபடி வாயைத் திறந்திருந்தது. சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது.

"நெசமாவே போயிருச்சுன்னு நம்புனியாம்மா?"

செல்லக்கிளி எதற்குமே சட்டென்று பதில் சொல்கிறவள் இல்லை.

"மொத வாரம் நம்புனேன். ரெண்டாவது வாரம் தல சுத்துச்சு. எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோன்னு அப்பவும் நம்புனேன். இந்த வாரம் நம்பல."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"உனக்கு நாள் குறிச்சுட்டாகளே. உங்கப்பா அவரு வாயாலயே போன்னு சொல்லிட்டாரு. நான் படுத்தேன்னா அவரு மாத்திருவாரு. இன்னம் ஒரு வாரம்தான, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவோம்னு இருந்தேன்."

முத்துமீனாவுக்கு அழுகை வரவில்லை. அதற்குக்கூட மூச்சு வேண்டுமே. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பும்மா. ஊசி போட்டதுனாலதான் கொறஞ்சிருந்துச்சு. எனக்கு அது தெரியும். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அத ஏன் எங்கிட்டச் சொல்ற?" என்றாள் செல்லக்கிளி. குரலில் கோபம் இல்லை. "ஐயா முன்னாடி, ஆண்டவரு முன்னாடி, அம்புட்டுச் சனம் முன்னாடி சொன்ன. மாத்துறதா இருந்தா அங்க வச்சு மாத்து. அங்க சொன்னது நிக்கிற வரைக்கும் எனக்கு ஊசியும் வேணாம், ஆஸ்பத்திரியும் வேணாம்."

படிக்கிற உங்களுக்குப் பதறும். எனக்கும் பதறத்தான் செய்கிறது. ஆனால் செல்லக்கிளி அப்படித்தான். பள்ளிக்கூடம் பார்க்காதவள்; தெய்வத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அது கல்லில் வெட்டியது போல அவளுக்கு. சாட்சி என்றால் என்ன என்பது, மைக்கில் சொன்ன மகளைவிடத் தரையில் உட்கார்ந்து கேட்ட தாய்க்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முத்துமீனா அவளைத் தூக்கிப் பார்த்தாள். செல்லக்கிளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உடம்பில் தெம்பில்லை, பிடியில் இருந்தது. அந்த நிலையிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்.

முத்துமீனா அப்பாவுக்குப் போன் போட்டாள். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே அழகுராஜாவின் குரல் கேட்டது.

"அப்பா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. வண்டிய எடுத்துட்டு வாங்க."

"என்னாச்சு? கால்தான் ஆறிருச்சே."

"வாங்கப்பா. நேரா எங்க சபைக்கு வந்துருங்க."

"முடியலைங்குற. அப்புறம் என்னத்துக்கு சபை?"

"வாங்கப்பா," என்றாள் மறுபடியும். "வாரேன்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ் ஆட்டோவை எடுத்தார். முதலில் ரிங் ரோடு சபை, பிறகு பெரியாஸ்பத்திரி என்றதும் அவர் முத்துமீனாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பாப்பா, இந்த நெலமையில ஜெபமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"ஜெபத்துக்கு இல்லண்ணே. அங்க போகலைன்னா அம்மா எறங்கிருவேங்குது. அஞ்சு நிமிசம்தான்."

"ஏய், நல்ல சபை, நல்ல புள்ள," என்று முனகிக்கொண்டே வண்டியை விரட்டினார்.

ஏழு மணி ஆராதனை தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. பாண்டிராஜும் முத்துமீனாவும் செல்லக்கிளியை இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து, வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாலிபர் கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் எப்சிபா அக்கா ஓடி வந்தாள்.

"என்ன மீனா, அம்மாவுக்கு என்ன?"

முத்துமீனா சொன்னாள். நாலே வாக்கியம்தான். எப்சிபாவின் முகம் மாறியது. கெட்டவள் இல்லை அவள். முத்துமீனாவுக்கு முதன்முதலில் வேதாகமம் வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஆனால் இன்றைய கூட்டத்துக்கு ஒரு மாதமாக நாயாய் அலைந்திருக்கிறாள்.

"அம்மாவ மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இத இன்னிக்கு இங்க சொல்லாத. புதுசா வந்தவங்க எத்தன பேரு உக்காந்திருக்காங்க, அவங்க விசுவாசத்துல இடறிப் போயிருவாங்க. சாயங்காலம் வேற உன் பேரு நோட்டீஸ்ல இருக்கு. அடுத்த வாரம் ஐயாகிட்டத் தனியாச் சொல்லிக்கலாம்."

"அடுத்த வாரம் எங்கம்மா இருக்காதுக்கா," என்றாள் முத்துமீனா.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நடுப்பாதையில் நடந்தாள். எல்லோரும் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்துச் சில பெண்கள் சிரித்தார்கள், சாட்சிக்காரப் பெண் வருகிறது என்று. யாபேஸ் ஐயா பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். முத்துமீனா மைக்கை வாங்கினாள். அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் வாங்கினாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி இங்க நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அதுல பாதிய மறைச்சுட்டேன்."

மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"எங்கம்மாவுக்குச் சர்க்கரை போகல. ரெண்டு வேளை ஊசி போட்டதுனால கொறஞ்சிருந்துச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மறைச்சேன். நீங்க கை தட்டணும்னு மறைச்சேன். எங்கப்பாகிட்ட ஜெயிக்கணும்னு மறைச்சேன். ஐயா ரிப்போர்ட்டக் கேட்டாரு, குடுத்தேன். ஊசியப் பத்திச் சொல்லல. நான் சொன்னத நம்பி எங்கம்மா ஊசிய நிறுத்திருச்சு." கடைசி நாற்காலியைக் கையால் காட்டினாள். "அந்தா உக்காந்திருக்கு. சாகக் கெடக்கு. நான் சொன்னது பொய். யாரும் அத நம்பி மருந்த நிறுத்திராதீங்க."

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்து மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். மொக்கையன். மாட்டுத்தாவணியில் வாட்ச்மேனாக இருப்பவர். சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"ஏம்மா பாப்பா," என்றார், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ சொன்னதக் கேட்டுட்டு நான் பிரசர் மாத்திரைய நிறுத்திட்டேனே. அப்ப நானும் போட்டுக்கணுமா?"

தன் வீட்டுக்கு மட்டும்தான் தீ வைத்தோம் என்று முத்துமீனா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கங்க தாத்தா," என்றாள். "இன்னிக்கே போட்டுக்கங்க. என்னைய மன்னிச்சுருங்க."

யாபேஸ் ஐயா மைக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தப்பு இந்தப் புள்ளையோடது மட்டும் இல்ல. நான் காகிதத்தக் கேட்டேன். ஆளக் கேக்கல," என்றார். "வேற யாராச்சும் நிறுத்தியிருந்தா எந்திரிச்சு நில்லுங்க. வெக்கப்படாதீங்க. நான் கூட வாரேன் ஆஸ்பத்திரிக்கு."

யார் யார் எழுந்தார்கள் என்று முத்துமீனா பார்க்கவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அழகுராஜா நின்றார்.

தலைப்பாகைத் துண்டு தோளில் இருந்தது. எவ்வளவு கேட்டார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. இந்த ஷெட் இருக்கும் தெருவழியாக வண்டியைக்கூட விடாத மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மனைவியைக் குனிந்து பார்த்தார். செல்லக்கிளி கண்ணைத் திறந்தாள்.

"அவ சொல்லிட்டா. இப்பப் போவோம்," என்றாள் கணவனிடம். அவ்வளவுதான் அவளிடம் மிச்சமிருந்த தெம்பு. எழுந்திருக்கப் போனவள் மடங்கினாள். அழகுராஜா அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

குட்டியானையின் முன்சீட்டில் செல்லக்கிளியைச் சாய்த்து உட்கார வைத்தார். மகள் பக்கம் திரும்பாமல், "பின்னால ஏறு" என்றார்.

பின்னால் காலித் தக்காளிப் பெட்டிகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே முத்துமீனா குந்தி உட்கார்ந்தாள். தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி பறந்தது. ஒவ்வொரு குழியிலும் பெட்டிகள் அவள் முதுகில் இடித்தன. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். எத்தனையோ கூட்டங்களில் அரைமணி நேரம் மூச்சு விடாமல் ஜெபித்தவள். இப்போது 'அம்மா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் மனதில் எதுவும் எழவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயதுப் பெண். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். ஐந்நூற்று நாற்பது. காலைப் பார்த்தார். நர்ஸிடம் இரண்டு பாட்டில் ஏற்றச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"ஊசிய நிறுத்தச் சொன்னது யாரு?"

செல்லக்கிளி அரை மயக்கத்தில், "நானாத்தான் தாயி" என்று முனகினாள். அந்த நிலையிலும் மகளை மறைக்கப் பார்த்தாள்.

"இல்லை டாக்டர். நான்தான் காரணம்," என்றாள் முத்துமீனா.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை. "வெளிய உக்காருங்க. மொதல்ல உசுரு. காலப் பத்தி அப்புறம்தான் பேச முடியும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வராந்தா பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தது. மணி பத்தானது, பதினொன்றானது. பாண்டிராஜ் வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அழகுராஜா பேசினார்.

"எங்கப்பாகிட்ட ஜெயிக்கணும்னு சொன்னியே மைக்குல. ஜெயிச்சுட்டியா?"

"இல்லப்பா."

"நான் உன் சாமிய நம்பிப் போன்னு சொல்லல. அந்தச் சாமி எனக்குப் பழக்கமில்ல. எம்மக பொய் சொல்ல மாட்டாங்குறத நம்பித்தான் சொன்னேன்."

இதற்கு அடித்திருக்கலாம். முத்துமீனா குனிந்து முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. அழகுராஜா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அது ஓயும்வரை காத்திருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லு. உங்கம்மா பொழைக்கலைன்னா, இந்தச் சாமிய விட்டுருவியா?"

மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் அவளிடம் பதில் தயாராக இருந்திருக்கும். அதற்கென்று மனப்பாடம் பண்ணி வைத்த வசனங்கள் பத்தாவது தேறும். எதிரே ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட மாட்டேன்ப்பா," என்றாள். "விட முடியும்னு தோணல. ஆனா இனிமே அவருக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவரு எங்கிட்ட அதக் கேக்கவே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

அழகுராஜா அவளையே பார்த்தார். ஞானஸ்நானத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவர் போல வாயெடுத்தார். அதற்குள் கதவு திறந்து டாக்டரே வெளியே வந்தார்.

"செல்லக்கிளி கூட வந்தவங்க?"

இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"நெனவு தெளிஞ்சிருக்கு. ஆனா கால்ல விஷம் ஏறிக்கிட்டே போகுது. முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உசுரக் காப்பாத்தலாம். சாயங்காலத்துக்குள்ள தியேட்டருக்குக் கொண்டுபோகணும். எடுத்தாலும் பொழைப்பாங்கன்னு நான் உறுதி குடுக்க முடியாது." டாக்டர் முத்துமீனாவைப் பார்த்தார். "அவங்க கைநாட்டு வைக்க மாட்டேங்குறாங்க. நாங்க சொல்லியும் கேக்கல. எம்மக வந்து சொல்லட்டும், அவ என்ன சொன்னாலும் சரிங்குறாங்க."

இவ்வளவுக்குப் பிறகும் அம்மா தன் பேச்சைத்தான் கேட்பாளா என்று முத்துமீனா திகைத்தாள். "என்னால முடியாதுப்பா. நீங்க போய்ச் சொல்லுங்க," என்றாள்.

"எம்பேச்ச அவ என்னிக்குக் கேட்டா?" அழகுராஜா மகளின் முழங்கையைப் பிடித்துக் கதவுவரை நடத்தினார். "போ. ஒண்ணும் ஆகாதும்மான்னு சொல்லாத. டாக்டர் சொன்னத அப்பிடியே சொல்லு. அப்புறம் எம்புட்டு வேணாலும் ஜெபம் பண்ணிக்க. நான் ஒண்ணும் சொல்லல."

முத்துமீனா உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த செல்லக்கிளி, ஊசி ஏறிய கையை மெல்லத் தூக்கி அவளை அருகே கூப்பிட்டாள். மகள் குனிந்ததும், என்ன சொல்லப் போகிறாள் என்று தாய் அவள் வாயையே பார்த்தாள்.